குசினிப் பக்கத்து வாசல்

1

சனிக்கிழமை காலையில் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, கராஜைத் துப்புரவாக்கச் சொன்னாள் மனோகரி. கலியாணம் கட்டி முப்பது வருசத்துக்குக் கிட்ட ஆகிறது. தேத்தண்ணி தரும்போது கேட்டால் நான் மறுக்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கத்தில் எங்களுடையது போன்ற வீடுகளுக்கு இரண்டு வழி இருக்கும். தெருவைப் பார்த்த முன்கதவு விருந்தாளிகளுக்கும், பார்சல் கொண்டுவருகிறவனுக்கும், தேர்தல் காலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும். வீட்டு ஆட்கள் கராஜுக்குள்ளால் போய், உள்ளே இருக்கிற சின்னக் கதவைத் திறந்து நேரே சமைக்கிற இடத்துக்கு, குசினிக்குள் ஏறுவோம். கராஜ் என்று பெயரே தவிர எங்கள் கார் அதற்குள் நின்றதில்லை. பனிகாலத்து ரயர்கள், பனி தள்ளும் மெசின், அரிசி மூட்டை, மகள் ஆரணி ஒரு வருசம் ஊதிவிட்டுப் போட்ட கிளாரினெற், எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

நாளைக்கு ஜப்பானில் இருந்து சம்பந்திமார் வருகிறார்கள். அவர்கள் பார்க்கப்போவது முன்வாசலையும் ஹோலையும்தானே, கராஜை ஏன் கூட்டவேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கள் கூட்டுங்கோ" என்றாள். அவ்வளவுதான் பதில்.

ரயர்களை ஒரு மூலையில் அடுக்கிக்கொண்டு நின்றபோது, போன நவம்பரில் கியோத்தோவில் நாங்கள் இருவரும் நடந்து திரிந்த நாள் ஞாபகம் வந்தது. ரயரை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மனோகரி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள்.

2

ஆரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்தவள். பல்கலைக்கழகம் முடித்ததும் ஜப்பானில் ஒரு வருசம் இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறேன் என்றாள். ஒரு வருசம்தானே என்று விட்டோம். அந்த ஒரு வருசம் இன்னும் முடியவில்லை. முதலில் நாளுக்கு ஒரு அழைப்பு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு நாங்கள் எடுத்தால் பேசுவாள். பேசும் தமிழும் மெலிந்துகொண்டே போனது. "அப்பா, அந்தத் திங் என்னப்பா, ஊத்துறது?" என்று கேட்டாள் ஒருநாள். அவள் தேடியது அகப்பை.

பிறகு ஒருநாள், தான் கட்டப்போகிறவன் என்று, தக்குமி என்ற பொடியனைத் திரையில் காட்டினாள். தலை குனிந்து வணக்கம் சொன்னான், "சுகமா இருக்கிறீங்களா" என்றான், அதோடு அவனுடைய தமிழ் முடிந்தது. மனோகரிக்கு அவனைப் பிடித்துக்கொண்டது. அவனுடைய தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஆரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் ஒரு புத்த கோயிலின் குரு, கோயிலோடு சேர்ந்ததுதான் அவர்கள் வீடு என்றாள்.

"பிக்குவுக்கு எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டாள் மனோகரி.

அந்த நாட்டில் குருமார் கலியாணம் கட்டலாம், கோயில் தகப்பனிடம் இருந்து மகனுக்கு வரும், எங்கள் ஐயர்மாரைப் போலத்தான் என்று ஆரணி விளக்கினாள். தக்குமி தம்பியிடம் கோயிலைக் கொடுத்துவிட்டு கொம்பியூட்டர் வேலைக்குப் போனவன் என்றும் சொன்னாள். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவும்போதுதான் மனோகரி சொன்னாள்.

"பொடியனிலை எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனா ஒரு பன்சலைக்குள்ளை போய் இருந்து என்னாலை சாப்பிட ஏலாது."

பன்சலை என்று ஊரில் புத்த கோயிலைச் சொல்வோம். அவளுக்கு ஏன் ஏலாது என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் அவளுடைய தகப்பனுக்கு ஒரு காணி. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் எல்லாரையும் எழுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு காணியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தார்கள். அரசமரமும் அதன் கீழே வைரவர் சூலமும் நின்ற மூலை மட்டும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒருமுறை போய்ப் பார்த்தோம். சூலம் நின்ற இடத்தில் சீமெந்துப் பீடம் கட்டி ஒரு புத்தரை இருத்தி, பகலிலும் லைற் எரியவிட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற ஆமிப் பொடியன், "அம்மா, படம் எடுக்க வேண்டாம்" என்று நல்ல தமிழில் சொன்னான். அவளுடைய தகப்பன் இங்கே ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடியில் கிடந்து, வைரவருக்கு ஆர் விளக்கு வைக்கிறது என்று கேட்டுக் கேட்டே செத்துப்போனார்.

3

பொடியன் வீட்டாரைப் பார்க்க ஜப்பானுக்குப் போக விசா வேண்டாம் என்று தெரிந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாழ்ப்பாணம் என்று பிறந்த இடம் போட்ட கடதாசியோடு எத்தனை நாட்டு வாசலில் ஓரமாக நின்றிருக்கிறேன். ஒசாக்கா விமானநிலையத்தில் ஒரு சின்னப் பெட்டை கனடாப் பாஸ்போட்டில் ஸ்ரிக்கரை ஒட்டிக் கையில் தந்துவிட்டு, தலையும் குனிந்தாள். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நான் அங்கேயே நின்றேன். மனோகரிதான் பிடித்து இழுத்தாள்.

கலியாணத்துக்குத்தான் கடதாசிக் கரைச்சல். தான் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று ஆரணி கனடாத் தூதரகத்தில் சத்தியம் செய்து, அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, அங்குள்ள நகர அலுவலகத்தில் கொடுக்கவேண்டுமாம். "பெத்தவள் நான் இஞ்சை நிக்கிறன், என்னைக் கேட்டா சொல்லமாட்டனே" என்றாள் மனோகரி.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பின்னேரம் பொடியன் வீட்டில் சாப்பாடு. அன்று பகல் ஆரணிக்கு வகுப்பு. போனில் பார்க்கவேண்டிய கோயில்களையும் பழைய தெருக்களையும் குறித்துத் தந்து எங்களை அனுப்பிவிட்டாள். அனுப்புமுன் தாயைப் பார்த்து, "அம்மா, நீங்கள் வராட்டி அவை அதை நோ எண்டுதான் எடுப்பினம். ப்ளீஸ்" என்றாள்.

மனோகரி சப்பாத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். "இண்டைக்குப் பகல் ஒரு கோயிலுக்குள்ளையாவது போய்ப் பாக்கிறன். போக ஏலுமெண்டா பின்னேரம் வாறன். ஏலாட்டி எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் மட்டும் போங்கோ."

அப்படித்தான் நாங்கள் கோயில் பார்க்கப் புறப்பட்டோம். மற்றவர்கள் படம் எடுக்க வந்தார்கள். நாங்கள் சோதனை எழுத வந்தோம்.

அங்கே பஸ்ஸில் பின்கதவால் ஏறி, இறங்கும்போது முன்கதவில் காசு போடவேண்டும். ரொறன்ரோவில் நான் ஓட்டுகிற பஸ்ஸில் இந்த முறை இருந்தால் பாதிப் பேர் பின்கதவாலேயே இறங்கிப் போய்விடுவார்கள். சாரதி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். நானும் ஒரு சாரதி என்று அவனுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது, மொழி இல்லை. கையால் ஸ்ரியரிங் சுற்றிக் காட்டினேன். அவன் பயந்துபோய்ப் பின்கண்ணாடியைப் பார்த்தான்.

முதலாவது கோயில் மலைச்சரிவில் இருந்தது. வாசலில் பெரிய சிவப்புக் கோபுரம், உள்ளே சிவந்த மேப்பிள் மரங்கள். ரொறன்ரோவில் நாங்கள் பையில் கட்டிக் குப்பைக்கு வைக்கிற இலையைச் சனம் வரிசையில் நின்று படம் எடுத்தது. வெளிவாசலைக் கண்டதும் எங்கள் கால் தன்பாட்டில் நின்றது. இருவரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டு, சல்லிக் கல்லில் வெறும் மேசோடு, காலுறையோடு, நடக்கத் தொடங்கினோம். நான் பழக்கதோசத்தில் ஜக்கெற்றையும் கழற்றி, சேட்டில் முதல் பட்டனையும் திறந்துவிட்டேன்.

காவல்காரர் ஒருவர் ஓடிவந்தார். கையை ஆட்டி, மேல்பட்டனைத் திரும்பப் பூட்டச் சொன்னார். சப்பாத்தைக் காட்டி, போடுங்கள், போடுங்கள் என்றார். முற்றத்தில் எல்லாரும் சப்பாத்தோடு நடந்தார்கள்.

மனோகரி தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினாள். "சப்பாத்தோடை உள்ளுக்கு விடுற கோயிலுக்கு நான் வரேல்லை" என்றாள்.

நல்ல சாட்டு அகப்பட்டுவிட்டது. முதல் பாடத்தில் பெயில்.

4

அந்தக் கோயிலில் இருந்து கல்லுப் பதித்த பழைய தெரு ஒன்று படிப்படியாகக் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கமும் மரவீடுகள். ஊறுகாய் விற்கும் கடை, விசிறி விற்கும் கடை. இந்தப் படிகளில் விழுந்தால் ஆயுள் குறையும் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறதாம், ஆரணி போனில் எழுதியிருந்தாள். அதை வாசித்துக் காட்டியதும் மனோகரி என் ஜக்கெற் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் என் கையைப் பிடித்து நடந்து கனகாலம். படி முடிந்த பிறகும் விடவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாவது கோயிலில் மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றி, அவர்கள் தந்த பையில் போட்டுக் கையில் கொண்டுபோகவேண்டும். அது அவளுக்குச் சரியாகப் பட்டது. படியேறினோம். உள்ளே பாய் விரித்த இருட்டு மண்டபம். ஊதுபத்தி வாசம். வயதான மனுசர் ஒருவர் ஒரே சுருதியில் ஓதிக்கொண்டிருந்தார். கண் பழகியபோது, தூரத்தில் பொன் பூசிய முகம் ஒன்று தெரிந்தது.

பக்கத்தில் திரும்பினேன். மனோகரி இல்லை. படியில் இறங்கி, மேசோடு முற்றத்துக் கல்லில் நின்றாள். சப்பாத்துப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"என்னப்பா?" என்று கேட்டேன்.

"அதே முகம்" என்றாள்.

எனக்கு அந்த நிமிசம் அவளில் கோபம்தான் வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. சிலைக்கு என்ன தெரியும், கொண்டுபோய் வைத்தவன் அல்லவா செய்தது, இந்த ஊர்ச் சனம் எங்களுக்கு என்ன செய்தது என்று வாய்க்குள் நிறைய வந்தது. நானும் ஊரில் இழந்தவன்தான். ஆனால் என் வீட்டை எடுத்தது குண்டு. அதற்கு முகம் இல்லை. அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது, கண்ணை மூடினாலும் அது லைற்றோடு தெரிகிறது. அதை நான் என்ன சொல்லி அணைப்பது?

"ஏலாட்டி விடும்" என்றேன். "ஆரணியிட்டை நான் சொல்லுறன்."

"நான் வராட்டி அந்தப் பிள்ளை எங்களை விட்டுப் போயிடும்" என்றாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏற்கெனவே பாதி போயிட்டுது."

5

மத்தியானம் ஒரு கடையில் நூடில்ஸ் சாப்பிட்டுவிட்டு, குறித்துத் தந்த தெருவை விட்டு விலகி ஒழுங்கைகளுக்குள் நடந்தோம். இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத ஒழுங்கைகள். வாசலில் பூச்சாடிகள், சைக்கிள்கள். ஒழுங்கை இரண்டாகப் பிரியும் மூலையில் மனோகரி நின்றாள்.

"இஞ்சாருங்கோ. வைரவர்."

சின்ன மரக்கூடு. அதற்குள் மழையில் கரைந்ததுபோல மூக்கும் வாயும் தேய்ந்த ஒரு கல். குழந்தைக்குச் சோறு தீத்தும்போது கழுத்தில் கட்டுவோமே, அப்படி ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீர், இரண்டு பூ. சந்தியில் நிற்கிறார், சிவப்புத் துணி, மதிலில்லை, ஐயரில்லை. எனக்கும் வைரவர் என்றுதான் பட்டது.

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, முதலில் கல்லின் நெற்றியில் மூன்று குறி இழுத்தாள், பிறகு தனக்கு, பிறகு எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தகப்பனின் பெயரைச் சொன்னது கேட்டது.

முன்வீட்டுக் கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு மனுசி பூவாளியோடு வந்தவ, எங்களையும் கல்லின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தா. அவ பூவாளியை வைத்துவிட்டு உள்ளே போய், இரண்டு ஊதுபத்தியும் நெருப்புப் பெட்டியும் கொண்டுவந்து மனோகரியிடம் நீட்டினா. இருவரும் ஆளுக்கொன்று கொளுத்தினார்கள். அந்த மனுசி திருநீற்றைத் துடைக்கவில்லை. அதில் தண்ணீர் படாமல் கல்லின் காலடியில் மட்டும் ஊற்றினா.

அங்கே இருந்து நகர்ந்த பிறகு, நான் போனில் எடுத்த படத்தை ஆரணிக்கு அனுப்பி இது ஆர் என்று கேட்டேன். அவள் உடனே எழுதினாள்: அது ஜிஸோ, அப்பா. புத்த சமயம்தான். சின்னப்பிள்ளைகளையும் வழிப்போக்கரையும் காக்கிறவர். வெயிற், அம்மாவா அந்தத் திருநீறு பூசினது?

வாசித்துக் காட்டினேன். மனோகரி நடையை நிறுத்தினாள். திரும்பி அந்த மூலையைப் பார்த்தாள்.

"உவரும் புத்தரின்ரை ஆளோ?"

"ஓம் போலை."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் வாயோரம் இழுத்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியாமல் கும்பிட்டது கணக்கில்லை" என்றாள். சோதனையில் கொப்பியடித்துப் பாஸ் பண்ண மனோகரிக்கு விருப்பமில்லை. எனக்கு அது சரியென்றும் பட்டது, அந்தரமாகவும் இருந்தது. பொழுதுபடத் தொடங்கிவிட்டது.

6

ஆனாலும் அவள் வந்தாள். "வாசல் மட்டும் வாறன்" என்றாள். ரொறன்ரோவில் இருந்து மாஜரின் டப்பாவில் கொண்டுவந்த பயித்தம் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

ஒரு பழைய தெருவில், இரண்டு மரவீடுகளுக்கு நடுவே அந்தக் கோயில் இருந்தது. நாங்கள் பகலில் பார்த்தவற்றோடு ஒப்பிட்டால் ஒரு வீட்டளவுதான். கூரை போட்ட வாசலில் தக்குமியும் ஆரணியும் நின்றார்கள். முன்னால் தக்குமியின் தகப்பன், மொட்டைத்தலை, கறுத்த அங்கி, என் வயதுதான் இருக்கும். வாசலுக்கு நேரே மண்டபக் கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிந்தது. எங்களுக்காகத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

மனோகரி வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"ஆரணி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டும் மாத்தாதை" என்றாள். "எங்கட காணியிலை அரசமரத்துக்குக் கீழை வைரவர் இருந்தவர். அவரை எடுத்துப்போட்டு அதிலை புத்தரை வைச்சிருக்கினம். அண்டைக்குத் தொடக்கம் எனக்குப் புத்த கோயிலுக்குள்ளை கால் வைக்க ஏலாமல் கிடக்கு. இண்டைக்கு முழுக்க முயற்சி பண்ணிப் பாத்தன். உங்களிலை எனக்குக் கோவமில்லை. உங்கட மகன் நல்ல பிள்ளை. ஆனா உள்ளுக்கு வர ஏலாது."

ஆரணியின் முகம் வெளுத்துப்போனது. "அம்மா, இதைப் போய்…" என்றாள்.

"சொல்லு."

சொன்னாள். இடையில் அவள் நின்ற இடத்தில் இருந்து தக்குமி எடுத்துச் சொன்னான். காணிக் கதை அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆரணி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். எங்களோடு ஒருநாளும் பேசாத கதையை அவள் அங்கே பேசியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தக்குமியின் தகப்பன் முழுதும் கேட்டு முடித்தார். பிறகு மனோகரிக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார், நிமிர நேரம் எடுத்தார். நிமிர்ந்ததும் சொன்னதை ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"அது கும்பிட வாறவையின்ரை வாசலாம். வீட்டு ஆக்கள் இதாலை வாறேல்லையாம். அவையெல்லாம் குசினிப் பக்கத்தாலைதானாம்."

அவர் வெளியே வந்து எங்களுக்கு முன்னால் நடந்தார். மதிலைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒடுக்கமான சந்து. காஸ் சிலிண்டர், கொடியில் காயும் துவாய்கள், கயிற்றில் தொங்கும் முள்ளங்கி. முடிவில் ஒரு தகரக் கதவு. தள்ளித் திறந்தார். தக்குமியின் தாய் கையில் அகப்பையோடு அடுப்பில் நின்றா. எங்களை முன்வாசலில் எதிர்பார்த்திருந்தவ, திடுக்கிட்டு ஏப்ரனை அவிழ்க்கப் பார்த்தா.

"அவிழ்க்க வேண்டாம், அவிழ்க்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே மனோகரி சப்பாத்தைக் கழற்றி உள்ளே ஏறிவிட்டாள். டப்பாவை அவவின் கையில் கொடுத்தாள். பானையை எட்டிப் பார்த்தாள். அது கொதித்து வழியப்போகிறது என்று கண்டு அடுப்பைக் குறைத்தாள்.

நான் சந்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண் கலங்கியதை அந்த மனுசர் பார்த்துவிட்டு, துவாய்க்கொடியைச் சரிசெய்வதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று இரவு மனோகரி மண்டபப் பக்கம் போகவில்லை. இன்றுவரை வலிகாமத்து வேலியைப் பற்றிய அவளுடைய எண்ணத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே லைற்றும் எரிந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

7

இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது.

விமானநிலையத்தில் இருந்து நான்தான் அவர்களை ஏற்றிவந்தேன். ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மனோகரியின் தமக்கை காலையிலேயே வந்து, முன்வாசலில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றி, பட்டுச்சேலையில் பன்னீர்ச் செம்போடு ஆயத்தமாக நின்றா. ஜப்பான்காரர் எங்களை என்ன நினைப்பினம் என்ற கவலை அக்காவுக்கு.

கார் வீட்டு முன்னால் நின்றது. தக்குமியின் தகப்பன் இறங்கினார், அன்றைய கறுத்த அங்கி இல்லை, சாதாரண கோட். விளக்கையும் கோலத்தையும் பார்த்துத் தலை குனிந்தார். அக்கா செம்பைத் தூக்கினா.

அந்த நேரம் கராஜ் கதவு கடகடவென்று மேலே போனது. உள்ளே, நான் அடுக்கிய ரயர்களுக்கும் பனி மெசினுக்கும் நடுவில், பழைய கவுணோடும் ஏப்ரனோடும் மனோகரி நின்றாள். கையில் அகப்பை இருந்தது. குசினிக் கதவு அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

அவர் விளக்கைப் பார்த்தார், கராஜைப் பார்த்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார். இருவரும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு கராஜுக்குள் நடந்தார்கள்.

அக்கா செம்போடு அப்படியே நின்றா.

"உவை என்ன, உதுக்குள்ளாலை போயினம்?" என்று என்னைக் கேட்டா.

"வீட்டு ஆக்களக்கா" என்றேன்.